பெட்டியிலா, கண்ணாடி அலமாரியிலா? கடலோர வீட்டில் மாடல் கார்களை வைக்கும் முறை

கேள்வி இதுதான்: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு, கடல் ஒரு கிலோமீட்டருக்குள். கையில் சுமார் 150 மாடல் கார்கள். பாதிக்கு மேல் அட்டை பிரிக்காத ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள். மீதி 1:43, 1:18 அளவு (அதாவது நிஜக் காரில் 43இல், 18இல் ஒரு பங்கு) டைகாஸ்ட் கார்கள், அதாவது உலோகத்தில் வார்த்தவை, கூடவே பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த நோரெவ், மஜொரெட் என்ற பிரெஞ்சு நிறுவனங்களின் பழைய கார்கள் சில. இவற்றைப் பெட்டியிலேயே விடலாமா, எடுத்து அடுக்கலாமா?

1:18, 1:43 உலோகக் கார்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, கதவு இறுக மூடும் கண்ணாடி அலமாரியில் வையுங்கள். காலிப் பெட்டிகளைத் தனியாக பீரோவில் பத்திரப்படுத்துங்கள். அட்டை ஹாட் வீல்ஸில் பின்னாளில் விலை போகக்கூடியதை மட்டும் பிரிக்காமல் உறை போட்டு வையுங்கள், மற்றதைத் தாராளமாகப் பிரிக்கலாம். திறந்த ஷெல்ஃப் மட்டும் எந்தக் காருக்கும் வேண்டாம். கடலூர் தேவனாம்பட்டினமோ முதுநகரோ, எந்தக் கடலோர வீட்டுக்கும் இதே பதில்தான்.

பெட்டிக்குள் இருந்தால் புதுசு மாறாது என்று பலரும் நம்புகிறார்கள். வறண்ட, குளிர்ந்த ஊரில் அது பெரும்பாலும் உண்மை. நம் கரையில் அப்படி இல்லை. இங்கே வருடத்தின் பெரும்பகுதியில் காலை ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்த 75 என்பது முக்கியமான எண். அதற்கு மேல் போனால் சாதாரண உப்புத் துகள் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே ஈரத்தைப் பிடித்துவிடும். மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்று கொண்டுவந்து படிய வைக்கும் தூசியில் இந்த உப்பு இருக்கிறது. காரின் மேல் அது உலர்ந்த தூசியாகக் கிடப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாகிறது. எஃகு அச்சுக்கம்பி, அடித்தட்டு ஸ்க்ரூ, பெயின்ட் இல்லாத உலோக பாகங்கள் முதலில் அடிவாங்கும். திறந்த ஷெல்ஃபை மறுப்பதற்கு இதுவே போதும். பல்லி எச்சம் இன்னொரு காரணம். அதில் யூரிக் அமிலம் உண்டு, கவனிக்காமல் சில நாள் விட்டால் பெயின்டில் நிரந்தரத் தழும்பு விழும்.

சரி, பெட்டி ஏன் போதாது? 1:18 காரின் பெட்டியைப் பாருங்கள். உள்ளே தெர்மாகோல் அச்சு, அதற்கும் காருக்கும் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், காரின் பக்கக் கண்ணாடிகளைச் சுற்றி டிஷ்யூ அல்லது ஸ்பாஞ்சு. தொழிற்சாலையிலிருந்து கடைக்குப் போகும் சில மாதங்களுக்காகச் செய்த பேக்கிங் இது, பத்து வருடத்துக்கு அல்ல. ஈரக்காற்று உள்ளே போவதை அட்டைப்பெட்டி தடுக்காது. உள்ளே போன ஈரம் தெர்மாகோலுக்கும் பெயின்டுக்கும் நடுவில் சிக்கினால் சீக்கிரம் வெளியேறாது. பானெட்டிலும் கூரையிலும் சிறுசிறு கொப்புளங்கள் வருவது பெரும்பாலும் இப்படித்தான். பிளாஸ்டிக் தாள் பெயின்டோடு அழுந்திக் கிடந்தால் அதன் மடிப்பு ரேகைகள் அப்படியே பதியும், பாலிஷ் போட்டாலும் முழுதாகப் போகாது. பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு இன்னும் மோசம். ஈரத்தில் அது மெல்ல சிதைந்து, பிசுபிசுப்பாகி, பொடியாக உதிர்ந்து பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். இவையெல்லாம் மூடிய பெட்டிக்குள் நடப்பதால் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அலமாரியில் இருக்கும் கார் தினமும் கண்ணில் படுகிறது. ஒரு துளி துரு, ஒரு கொப்புளம், சாய்ந்த சக்கரம் எதுவானாலும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். எடுத்து அடுக்குங்கள் என்று நான் அழுத்திச் சொல்ல முதல் காரணம் இதுதான்.

சில 1:18 கார்களைப் பெட்டியிலேயே வைத்தாக வேண்டிய நிலை வரலாம், இடம் போதாமல். அப்போது பிளாஸ்டிக் தாளையும் ஸ்பாஞ்சு துண்டுகளையும் எடுத்துவிடுங்கள். அவற்றுக்குப் பதில் அமிலமற்ற வெள்ளை டிஷ்யூவை ஒரு சுற்று போட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை ஒன்று வைத்து, வருடத்துக்கு இரண்டு முறையாவது திறந்து பாருங்கள். ஒளிரும் விளக்கு உள்ள மாடலாக இருந்தால் பட்டன் செல்லைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் கசிந்து தொடர்புத் தகட்டை அரித்துவிடும்.

டைகாஸ்ட் உலோகத்துக்கு என்று ஒரு நோய் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கார்கள் துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்த்த கலவையில் வார்க்கப்படுபவை. துத்தநாகத்தில் ஈயம் போன்ற மாசு கலந்துவிட்டால், ஈரமும் சூடும் சேரும்போது உலோகத்தின் படிகங்களுக்கு இடையே அரிப்பு பரவும். உலோகம் உப்பும், மயிரிழை விரிசல்கள் ஓடும், கடைசியில் விரலால் அழுத்தினாலே நொறுங்கும். காரணம் 1920களில் கண்டறியப்பட்டது. 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி ஸிங்க் கம்பெனி 99.99 சதவீதத் தூய துத்தநாகத்தில் ஸமாக் கலவைகளை உருவாக்கியது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி என்ற பிரிட்டிஷ் மாடல் கார்களில் இந்தச் சேதம் நிறைய. பிற்காலத்திலும் மூலப்பொருளில் கவனமில்லாமல் வார்த்த கார்களில் இது வருவதுண்டு. இது ஒரு காரிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது. ஆனால் வந்துவிட்டால் மருந்தும் கிடையாது, குளிர்ச்சியும் வறட்சியும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கதவு முன்பு போலத் திறக்கவில்லை, அடித்தட்டு வில்லாக வளைகிறது, பெயின்டில் சிலந்தி வலை போன்ற கோடுகள் தெரிகின்றன என்றால் சந்தேகப்படுங்கள். மொட்டை மாடித் தளத்துக்குக் கீழே உள்ள லாஃப்டில், கத்திரி வெயிலில் பெட்டிகளை ஏற்றி வைப்பது இந்த நோயை நாமே அழைப்பதற்குச் சமம்.

இனி அலமாரி. மரச்சாமான் கடையில் கிடைக்கும் ஷோகேஸை விட, அலுமினிய ஃபேப்ரிகேஷன் கடையில் சொல்லிச் செய்வது நல்லது. அலுமினிய சட்டம், பின்பக்கம் அலுமினிய காம்போசிட் ஷீட் அல்லது கண்ணாடி, முன்பக்கம் 5 மில்லிமீட்டர் கண்ணாடிக் கதவு. பிளைவுட், எம்.டி.எஃப். இரண்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடும் அமில ஆவியும் பல மாதங்கள் வெளிவிடும், மூடிய இடத்தில் உலோகத்துக்கு அது ஆகாது. மரம்தான் முடியும் என்றால் ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் மைக்கா ஒட்டச் சொல்லி, மூன்று வாரம் கதவைத் திறந்துவைத்த பிறகு கார்களை வையுங்கள். கண்ணாடி ஒட்டும் சிலிகானிலும் கவனம் தேவை. வினிகர் வாடை அடிப்பது அசெட்டிக் அமிலம் விடும் வகை. நியூட்ரல் க்யூர் என்று ட்யூபில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கதவு விளிம்புக்கு கருப்பு ஸ்பாஞ்சு டேப் வேண்டாம், அது இரண்டு மூன்று வருடத்தில் பொடியாகும். ஈ.பி.டி.எம். ரப்பர் அல்லது சிலிகான் ஸ்ட்ரிப் போடச் சொல்லுங்கள்.

அளவுகளை இப்படிக் கணக்கிடலாம். நாலரை மீட்டர் நீளமுள்ள கார் 1:18இல் 25 சென்டிமீட்டர், 1:43இல் பத்தரை, 1:64இல் 7. ஹாட் வீல்ஸ் அளவுக் கார்களைப் பக்கவாட்டில் நிறுத்த 5 சென்டிமீட்டர் ஆழம் போதும். 60 x 90 சென்டிமீட்டர் சுவர் ஃப்ரேமில் தட்டுக்குத் தட்டு 6 சென்டிமீட்டர் விட்டால் 15 வரிசை, வரிசைக்கு 7 என்று 105 கார்கள் நிற்கும். 1:18க்கு 35 சென்டிமீட்டர் ஆழம், தட்டு இடைவெளி 15. காரை மூக்கு முன்னால் இருக்கும்படி நிறுத்தினால் 90 சென்டிமீட்டர் அகலத்தில் ஆறு கார் வசதியாக நிற்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை என்பதால் அந்த அகலத்துக்கு 8 மில்லிமீட்டர் கண்ணாடி, இல்லையென்றால் நடுவில் ஒரு தாங்கி.

தட்டு கண்ணாடியாகவே இருக்க வேண்டும் என்பதற்கு டயர்தான் காரணம். மென்மையான பி.வி.சி. டயரில் அதை மென்மையாக வைக்கும் எண்ணெய்ப் பொருள் கலந்திருக்கும். அது மெல்ல வெளியே கசிந்து, தொடும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். 1:43 காரை வருடக்கணக்கில் அதோடு வரும் பாலிஸ்டைரீன் காட்சி அடித்தட்டில் நிறுத்தி வைத்தால் டயர் பதிந்த இடத்தில் குழி விழுந்து இரண்டும் ஒட்டிக்கொள்வது இதனால்தான். அக்ரிலிக் தட்டிலும் கறை விழும். கண்ணாடியை இந்தப் பொருள் ஒன்றும் செய்யாது. 1:43 காரை அடித்தட்டோடு ஸ்க்ரூ போட்டே வைக்க விரும்பினால், அடித்தட்டுக்கும் காருக்கும் நடுவில், ஸ்க்ரூ நுழையும் இடத்தில் ஒரு மெல்லிய வாஷர் கொடுத்து, டயர் தட்டைத் தொடாமல் மயிரிழை உயர்த்திவிடுங்கள். 1:18 கார்களின் அடியில் அக்ரிலிக் துண்டு இரண்டு வைத்து சேஸிஸைத் தாங்கினால் எடை டயரில் இறங்காது, டயர் அடியில் தட்டையாவதும் நிற்கும். துண்டின் உயரம் ஒவ்வொரு காருக்கும் மாறும், சேஸிஸுக்கும் கண்ணாடித் தட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து ஒரு மில்லிமீட்டர் மட்டும் கூட்டி வெட்டுங்கள்.

ஈரப்பதத்தை 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிறுத்துவதுதான் குறி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி) ஒன்றை உள்ளே வைக்காமல் எதையும் தொடங்க வேண்டாம். சிலிக்கா ஜெல் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே வாங்கலாம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று முழுதாக நிறைந்தால் சுமார் 30 கிராம் நீர் பிடிக்கும். 90 x 35 x 120 சென்டிமீட்டர் அலமாரியின் கொள்ளளவு 378 லிட்டர். அதில் ஈரப்பதத்தை 80இலிருந்து 50க்கு இறக்க மூன்றரை கிராம் நீரை உறிஞ்சினால் போதும். ஆனால் காற்று கசிந்து மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் காற்று முழுதும் மாறுவதாக வைத்தால், ஒரு கிலோ சிலிக்கா ஜெல் சுமார் 250 கிராம் நீர் பிடிக்கும் என்பதால் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கும். கதவு சரியாக மூடாத அலமாரியில் இரண்டே வாரத்தில் தீர்ந்துவிடும். கதவு ஸ்ட்ரிப்புக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கும், வீட்டுக்கு அது வேண்டாம். நிறம் மாறியதும் ஓ.டி.ஜி. அவனில் தட்டில் பரப்பி 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மீண்டும் தயார். அதற்கு மேல் சூடு ஏற்றினால் நிறம் காட்டும் பொருள் கருகிவிடும்.

ஏ.சி. அறையில் அலமாரி இருந்தால் இன்னொரு கவனம். நம் ஊரில் 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்பது சாதாரண நாள். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே உள்ள எதன் மேல் பட்டாலும் நீராகப் படியும். இரவெல்லாம் 24 டிகிரியில் குளிர்ந்த காரை, காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டு அலமாரிக் கதவையும் திறந்தால் பெயின்டில் பனி பூத்துவிடும். ஏ.சி.யை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்தே கதவைத் திறவுங்கள். துடைப்பதும் அடுக்குவதும் அதற்குப் பிறகு. வடகிழக்குப் பருவமழையில் நனையும் வெளிச்சுவரை ஒட்டி அலமாரியை நிறுத்தாதீர்கள், ஓதம் ஏறும். உட்சுவர் நல்லது, சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி.

வெயிலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜன்னல் கண்ணாடி வழியே வருவது பாதகமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. சாதாரணக் கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியைத்தான் நிறுத்துகிறது, யு.வி.ஏ. பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், டீக்கால் ஒட்டுப்படங்கள் பழுப்பாகும். விளக்கு போட்டால் எல்.இ.டி. ஸ்ட்ரிப், அதன் அடாப்டர் அலமாரிக்கு வெளியே.

துடைப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். முதலில் கேமரா ப்ளோயரால் ஊதுங்கள், உப்புத் தூசியை நேரடியாகத் துணியால் தேய்த்தால் கோடு விழும். பிறகு மென்மையான மேக்கப் பிரஷ். பிசுக்கு இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சி, உடனே உலர்ந்த மைக்ரோஃபைபர். போர்வெல் தண்ணீர் வேண்டாம், உலர்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எந்த பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே, ஸ்பிரிட், தின்னர் எதையும் கார் மேல் அடிக்காதீர்கள். ஆல்கஹால் பட்டாலே அக்ரிலிக் ஜன்னலில் மயிரிழை விரிசல் வரலாம். வியர்வையிலும் உப்பு இருப்பதால் நைட்ரைல் கையுறை போட்டே தொடுங்கள்.

அடுத்து அட்டை ஹாட் வீல்ஸ். இவற்றில் பிரித்தால் திரும்ப மூட முடியாது என்பதால் இங்கே மட்டும்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. அரிதாக வரும் சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் வகை, வரம்பு எண்ணிக்கையில் வந்த ரப்பர் டயர் கார்கள், தயாரிப்பு நிறுத்தப்பட்ட வார்ப்புகள் ஆகியவற்றை வாங்குபவர்கள் அட்டையின் மூலைகளையும் பார்த்தே விலை சொல்வார்கள். அவற்றைப் பிரிக்காமல் விடுங்கள். கடையில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் சாதாரணக் கார்களுக்கு அட்டை பெரிய மதிப்பு சேர்ப்பதில்லை. அவற்றைப் பிரித்து அலமாரியில் நிறுத்துங்கள், கார் அதற்குத்தான் செய்யப்பட்டது. மிகவும் பிடித்த கார் என்றால் இரண்டு வாங்கி ஒன்றைப் பிரிப்பது நல்ல வழி.

பிரிக்காதவற்றுக்குப் போடும் உறை எந்தப் பிளாஸ்டிக் என்று பாருங்கள். முக்கோணத்துக்குள் 1 இருந்தால் பெட் (PET), 5 இருந்தால் பாலிப்ரொப்பிலீன், இரண்டும் நல்லவை. 3 என்றால் பி.வி.சி., அது வேண்டாம். புது ரெயின்கோட் வாடை வந்தாலும் வேண்டாம். லாங் கார்டு (நீள அட்டை), ஷார்ட் கார்டு (குட்டை அட்டை) இரண்டுக்கும் உறை அளவு வேறு, அளந்து வாங்குங்கள். உறை போட்ட அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று படுக்க வைத்தால் காரை மூடிய பிளாஸ்டிக் குமிழ் நசுங்கும், ஒட்டு விடும். ரப்பர் கேஸ்கட் மூடியுள்ள 40 லிட்டர் டப்பாவில் நிமிர்த்தி அடுக்குங்கள்.

இந்த டப்பாவில் பெரும்பாலோர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. 40 லிட்டர் காற்றில் இருக்கும் நீர் ஒரு கிராம்தான். நீர் முழுதும் அட்டையில் இருக்கிறது. ஒரு கிலோ அட்டை, 80 சதவீத ஈரப்பதத்தில் ஊறியிருந்தால், 45க்கு இறங்கும்போது தோராயமாக 50 கிராம் நீரை வெளிவிடும். மருந்து டப்பாவில் வரும் இரண்டு கிராம் பைகளைப் போட்டு மூடினால் அவை ஒரே நாளில் நிரம்பி, பிறகு வெறும் கனமாகக் கிடக்கும். முதல் தடவை 300 கிராம் சிலிக்கா ஜெல் வையுங்கள், இரண்டு வாரம் கழித்து மாற்றுங்கள், அதன்பின் 100 கிராம் பல மாதம் வரும். காலிப் பெட்டிகளுக்கும் இதே கணக்குதான்.

அந்தக் காலிப் பெட்டிகளுக்குச் சிறந்த இடம் இரும்பு பீரோ. வெளிச்சமில்லை, கரையான் ஏறாது, அமில ஆவியில்லை. பெட்டிகளில் செலோ டேப், ரப்பர் பேண்டு எதுவும் வேண்டாம், இரண்டும் கறை விடும். எந்தப் பெட்டி எந்தக் காருக்கு என்று பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டை உள்ளே போடுங்கள். இராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதன் ஆவி பாலிஸ்டைரீன் பாகங்களையும் தெர்மாகோலையும் இளக்கக்கூடியது, கற்பூரமும் அப்படியே. ஈரப்பதம் 50க்குக் கீழே இருந்தாலே இராமபாணப் பூச்சி தங்காது. மேல்காற்று வீசும் ஆனி, ஆடியில் முற்பகலில், கடற்காற்று எழும்புவதற்குள், பீரோவைத் திறந்து பெட்டிகளைக் காற்றாட விடுங்கள். வருடத்தில் நமக்குக் கிடைக்கும் வறண்ட காற்று அதுதான்.

பிரான்சிலிருந்து வந்தவற்றைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மஜொரெட் உலோகம், மேலே சொன்னது பொருந்தும். நோரெவ் 1950களில் பிளாஸ்டிக்கில் செய்த 1:43 கார்கள் ரோடியாலைட் என்ற செல்லுலோஸ் அசிடேட்டில் ஆனவை. அந்தப் பிளாஸ்டிக் காலப்போக்கில் வளையும், கூரை தொய்யும், சிதையத் தொடங்கினால் அசெட்டிக் அமில ஆவி விடும். மூடிய டப்பாவில் வைத்தால் அந்த ஆவியே சிதைவை வேகப்படுத்தும், பக்கத்திலுள்ள உலோகக் கார்களையும் அரிக்கும். அவற்றுக்கு மட்டும் சிறிய தனி ஷோகேஸ், மூலையில் காற்றுத் துளைகளோடு, வீட்டின் குளிர்ந்த அறையில். இறுக்கமான மூடி வேண்டாம். மூக்கை அருகில் கொண்டுபோனால் வினிகர் வாடை வருகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். உறவினர் கொண்டுவந்ததில் வெண்ணுலோகத்தில், அதாவது ஈயம் கலந்த கலவையில், கையால் வார்த்த கார் ஏதாவது இருந்தால் அதையும் நோரெவோடு சேர்த்து வைக்கக் கூடாது. ஈயத்துக்கு அசெட்டிக் ஆவிதான் முதல் பகை, வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும்.

கடைசியாக உயரம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரைத்தள வீடாக இருந்தால் அலமாரியின் கடைசித் தட்டு தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேலும், பீரோவில் பெட்டிகள் மேல் இரண்டு தட்டுகளிலும் இருக்கட்டும். கட்டிலுக்கு அடியில் எதுவும் வேண்டாம். அப்படியும் நனைந்துவிட்டால், கார்களை அன்றே டிஸ்டில்டு வாட்டரில் அலசிச் சேற்றையும் உப்பையும் போக்குங்கள். அடித்தட்டு ஸ்க்ரூவாக இருந்தால் கழற்றி, உள்ளே தேங்கிய நீரை வடித்து, மின்விசிறிக்கு எதிரே நிழலில் 48 மணி நேரம் வையுங்கள். நனைந்த பெட்டியை வெயிலில் காயப்போட்டால் வளைந்து மை வெளுக்கும். பசை விட்ட மடிப்புகளைத் தட்டையாக விரித்து, மேலும் கீழும் அச்சில்லாத வெள்ளைத்தாள் வைத்து, லேசான பாரத்தில், தாளை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே காயவிடுங்கள்.